சொல் விளக்கம்: வளங்குன்றா நகரம்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் சாலை, தொழிற்பேட்டை, பேருந்து நிலையம் என்று எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இப்போது ‘சஸ்டெயினபிள்’ என்ற அடைமொழியும் கூடவே வந்துவிடுகிறது. மேடையில் பேசுகிறவர் அதை அப்படியே சொல்லிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் பத்திரிகையில் அது ‘நிலையான வளர்ச்சி’ ஆகும். அரசு அறிக்கையில் ‘நீடித்த நிலையான வளர்ச்சி’. கருத்தரங்க அழைப்பிதழில் ‘பேண்தகு வளர்ச்சி’. இலங்கைத் தமிழில் ‘நிலைபேறான அபிவிருத்தி’. சுற்றுச்சூழல் பற்றி எழுதுகிறவர்கள் சிலர் ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்கிறார்கள். ஒரே சரக்குக்கு இத்தனை பெயர் இருந்தால் வாங்குகிறவன் குழம்பத்தான் செய்வான். எது பொருந்தும் என்று பார்ப்போம்.

முதலில் பொருள். நார்வேயின் பிரதமராக இருந்த குரோ ஹார்லம் புருன்ட்லாண்ட் தலைமையில் ஐ.நா. அமைத்த ஆணையம் 1987இல் ஒரு வரையறை தந்தது. நாளை வரும் தலைமுறை தன் தேவைகளைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலைக் கெடுக்காமல், இன்றைய தேவைகளை நிறைவேற்றும் வளர்ச்சி என்பது அதன் சாரம். இன்றுவரை எல்லோரும் எடுத்தாள்வது இதைத்தான். 2015இல் ஐ.நா. வகுத்த 17 இலக்குகளும் இதே அடைமொழியைத் தாங்கியவை. அவற்றில் 11ஆவது நகரங்களுக்கானது.

ஆனால் இந்தக் கருத்து புருன்ட்லாண்டோடு தொடங்கவில்லை. 1713இல் ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் சுரங்க நிர்வாகியாக இருந்தவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். வெள்ளிச் சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கவும், உலை எரிக்கவும் மரம் வேண்டும். வெட்டி வெட்டிக் காடு தேய்ந்துவிட்டது. எவ்வளவு வளர்கிறதோ அந்த அளவுக்கே வெட்ட வேண்டும் என்று அவர் எழுதி, அப்படிப்பட்ட பயன்பாட்டைக் குறிக்க ‘நாஹ்ஹால்டெண்ட்’ என்ற சொல்லைக் கையாண்டார். பிற்காலத்துக்கும் பிடித்து வைப்பது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். சூழலியல் மாநாட்டு மேடையில் பிறந்த சொல் என்று நாம் நினைப்பது, சுரங்கத்துக்கு விறகு கிடைக்குமா என்ற கவலையில் பிறந்தது. கிரானைட் குவாரிகள் நிறைந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இது அந்நியமான கவலை இல்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். ‘சப்’ என்றால் கீழிருந்து, ‘தெனேரே’ என்றால் பிடித்தல். இரண்டும் சேர்ந்து ‘சஸ்தினேரே’: கீழே விழாமல் தாங்கிப் பிடித்தல். இதற்கு நேரான வினைச்சொல் நம்மிடம் நாள்தோறும் புழங்குகிறது. “இந்த போர்வெல் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்.” “இத்தனை லாரியை இந்த ரோடு தாங்காது.” சுமையைப் பொறுப்பதற்கும், நாள்பட உழைப்பதற்கும் ‘தாங்கு’ ஒன்றே போதும். ஊர்ப் பேச்சில் ‘ஊர் தாங்குமா?’ என்று கேட்டாலே போதும், எந்தக் கலைச்சொல்லும் வேண்டியதில்லை. அடைமொழியாக்கும்போதுதான் சிக்கல். ‘தாங்கும் வளர்ச்சி’ என்றால் எதை எது தாங்குகிறது என்று புரியாது.

சரி, மற்ற சொற்களுக்கு வருவோம்.

‘நிலையான’ என்பது நில் என்பதன் வழி வந்தது. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘சுஸ்திர’ என்கிறார்கள். அதுவும் நிற்பதைக் குறிக்கும் வேர்தான். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் ஏராளம் என்பதால், அவர்கள் காதுக்கு ‘நிலையான’ இயல்பாகவே இருக்கும். எனக்கு அதில் வேறொரு குறை தெரிகிறது. ‘நிலையான ஆட்சி’, ‘நிலையான வருமானம்’ என்ற வழக்குகளைப் பாருங்கள். ஆட்சி கவிழாமல் இருக்கிறது, வருமானம் நிற்காமல் வருகிறது. அதே போக்கில் ‘நிலையான வளர்ச்சி’ என்றால் நிற்காமல் வளர்ந்துகொண்டே இருப்பது என்று பொருளாகிவிடும். மனை விற்கிறவர் அதைத்தான் விளம்பரத்தில் போடுவார், அதில் தவறும் சொல்ல முடியாது. ‘நீடித்த’ சேர்ந்தால் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. காப்பாற்றப்பட வேண்டியது வளர்ச்சிதான் என்று சொல்லே சொல்லிவிடுகிறது.

‘பேண்தகு’ அழகான சொல். பேணுதல் என்றால் போற்றிக் காத்தல். ‘தந்தை தாய்ப் பேண்’ என்று ஆத்திசூடியில் படித்தோமே, அந்தப் பேண். (ஆத்திசூடி பாடிய ஔவை வேறு, அன்றைய தருமபுரியான தகடூரின் அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவை வேறு. தருமபுரிக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் கொண்டாடுவதை நான் தடுக்கப் போவதில்லை.) ஆனால் பேண்தகு வளர்ச்சி என்றால் பேணுவதற்குத் தகுந்த வளர்ச்சி என்றாகிறது. ஆங்கிலத்தின் ‘ஏபிள்’ என்ற வால் ஒட்டைத் ‘தகு’ என்று அப்படியே பெயர்த்ததால் வந்த வினை.

இனி ‘வளங்குன்றா’. இது புதிதாகக் கட்டிய சொல் என்று பலர் நினைக்கிறார்கள். திருக்குறளில், நாடு என்ற அதிகாரத்தில், 736ஆம் குறளில் இருக்கிறது:

கேடறியாக் கெட்ட இடத்தும் வளங்குன்றா
நாடென்ப நாட்டின் தலை.

கேடு என்பதையே அறியாமல், ஒருவேளை கெட்டுப்போனாலும் தன் வளம் குறையாமல் இருப்பதே நாடுகளில் தலையாயது. அங்கே வளங்குன்றா என்பது நாட்டுக்கு அடைமொழி. நாம் நகரத்துக்கும் வளர்ச்சிக்கும் எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். வளம் எது என்பதற்குப் பரிமேலழகர் உரையிலேயே விடை உண்டு: சுரங்கங்களில் கிடைப்பவையும், வயலிலும் சோலையிலும் விளைபவையும். கிருஷ்ணகிரியின் கல்லும் மாங்காயும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டன.

அடுத்த குறள் இன்னும் வசதி. ‘இருபுனலும் வாய்ந்த மலையும் வருபுனலும் வல்லரணும்’ நாட்டுக்கு உறுப்பு என்கிறது. இருபுனல் என்றால் மேல்நீரும் கீழ்நீரும். வருபுனல் மலையிலிருந்து இறங்கி வந்து சேரும் நீர். அரணை விட்டுவிடலாம், அதியமான் கோட்டையோடு அந்தக் காலம் போயிற்று. மீதியை வைத்து நம் ஊர்களை எடைபோட்டுப் பார்த்தால் ‘வளங்குன்றா’ என்ற சொல் ஏன் மேல் என்பது விளங்கும்.

வருபுனல்: தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் ஓரமாக வந்து, ஓசூர் வட்டத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வழியில் நகரத்தின் கழிவையும் சேர்த்துக்கொள்கிறது. கெலவரப்பள்ளி அணையின் ஷட்டரைத் திறக்கும் நாட்களில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி, ஆற்றை மூடி, சில சமயம் தரைப்பாலத்தின் மேலேயே ஏறி நிற்கும். பைக்கில் போகிறவர் அந்தப் பக்கம் ரோடு இருக்கிறதா என்று தெரியாமல் நின்றுவிடுவார். காற்றடித்தால் நுரைக் கட்டி பறந்து வயலில் விழும். ஆற்றில் தண்ணீர் நிற்காமல் வருகிறது, அந்த வகையில் ‘நிலையான’ நீர்வரத்துதான். வளம் குன்றவில்லை என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. அதே தண்ணீர்தான் கீழே கிருஷ்ணகிரி அணைக்கும் போகிறது.

கீழ்நீர்: இந்த இரண்டு மாவட்டங்களின் அடியில் இருக்கும் பாறையில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. பாறை இடுக்கில் நெடுநாள் தங்கும் நீரில் அது கரைகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. மீறினால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழும், நாள்பட நாள்பட எலும்பும் வளையும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. காவிரி நீரை மேட்டுக்கு ஏற்றிக் குழாயில் கொண்டுவருகிறார்கள். பல தலைமுறையின் பல்லையும் முதுகெலும்பையும் காப்பாற்றும் வேலை அது, குறை சொல்ல மனம் வராது. இருந்தாலும் அதன் கணக்கில் மோட்டாருக்கான மின்சாரமும், காவிரியில் நீர் வரத்தும் உண்டு. கீழ்நீர் கைவிட்டதால் வருபுனலில் கை வைத்திருக்கிறோம்.

மேல்நீர் என்றால் ஏரி. ஓசூரில் இராமநாயக்கன் ஏரி, தருமபுரியில் இராமக்காள் ஏரி. ஒன்று நிரம்பி வழிந்து ‘கோடி போனால்’ மிச்சம் அடுத்ததற்குப் போக வேண்டும். ஏரியைத் தூர்வாரிக் கரையில் நடைபாதை போடுவதோடு வேலை முடிந்ததாக நினைக்கிறோம். வரத்துக் கால்வாயின் மேல் வீடும் கடையும் ஏறியிருந்தால் நடைபாதைக்கு வெறும் தரைதான் துணை. ஊரே கூடி இதையெல்லாம் பார்த்துக்கொண்ட முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். அதில் ‘மராமத்து’ அரபி, பாரசீக வழியாக வந்த சொல். நம் பழைய வழக்கத்தின் பெயரிலேயே பாதி வெளியூர்ச் சரக்கு என்பதால், சொல் தூய்மைக்காக மட்டும் நான் ‘வளங்குன்றா’வை முன்மொழியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெட்டியெடுத்த கல் மறுபடி முளைக்காது. கார்லோவிட்ஸின் மரக் கணக்கு அங்கே செல்லாது.

இப்போது இந்தச் சொல்லைச் சூட்டப்போகும் ஊர்களின் அளவு. ஓசூரும் தருமபுரியும் அரசுக் கணக்கில் ‘நடுத்தர நகரம்’. மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்ட வழிகாட்டுதல்படி 50,000 முதல் 5 லட்சம் பேர் வரை இருந்தால் நடுத்தரம். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி நகராட்சியில் 68,619 பேர், ஓசூரில் 1,16,821 பேர். ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிப்பும் வந்தது. கன்னடத்தில் ‘ஹொச ஊரு’, அதாவது புதூர். பெயருக்கேற்ப ஒவ்வொரு பத்தாண்டும் புதிதாகிக்கொண்டே போகிறது. இப்படிப்பட்ட ஊருக்கு 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) வரையும்போது மக்களிடம் ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்டு அறிவிப்பு போடுவார்கள். வரைபடத்தில் ‘நிலையான வளர்ச்சி’ என்று எழுதியிருந்தால் என்னவென்று ஆட்சேபிப்பது? ‘வளங்குன்றா’ என்றிருந்தால், எந்த வளம், இப்போது எவ்வளவு, எப்படிக் குன்றாமல் பார்ப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

எழுதும் முறை பற்றி: வளம், குன்றா இரண்டும் சேரும்போது ‘ம்’ ‘ங்’ ஆகும், ‘வளம் குன்றா’ என்று பிரித்தாலும் பிழையில்லை. குன்றாத என்பதன் கடைசி எழுத்து கெட்டு நிற்பதால் இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், பின்னால் வல்லினம் வந்தால் மிகும். எனவே வளங்குன்றா வளர்ச்சி, வளங்குன்றா நகரம். ஆனால் வளங்குன்றாத் திட்டம், வளங்குன்றாப் போக்குவரத்து. பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் வளங்குன்றாமை. பேச்சுக்கு, முன்பே சொன்னபடி, ‘ஊர் தாங்குமா?’