ஜொராஸ்ட்ரியனிசம்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஜொராஸ்ட்ரியனிசம் என்ற பழைய ஈரானிய மதத்தை ‘சொராஷ்ட்ரிய மதம்’ என்று எழுதினால் மதுரைச் சௌராஷ்டிரர்களின் மதமா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. சௌராஷ்டிரம் குஜராத்தில் உள்ள ஒரு நிலப்பகுதி. இந்தச் சொல்லோ பழைய ஈரானிய ஞானி ஒருவரின் பெயரிலிருந்து வந்தது.

இந்த மதத்தின் பழைய வேதநூல்களின் மொழியான அவெஸ்தாவில் அவர் ஜரதுஷ்ட்ரா. பின்பாதியில் உள்ள ‘உஷ்ட்ரா’ என்பது ஒட்டகம், சமஸ்கிருதத்திலும் அதே சொல்தான். முன்பாதிக்குப் பல விளக்கங்கள் இருந்தாலும் ‘முதிய’ என்பதே பரவலாக ஏற்கப்படுவது, ஆக, முதிய ஒட்டகங்களை உடையவர். மேய்ச்சல் வாழ்க்கையில் பிறந்த பெயர். கிரேக்கர்கள் இதை ஜோரோஆஸ்ட்ரெஸ் என்றார்கள். அவர்கள் மொழியில் ‘ஆஸ்ட்ரோன்’ விண்மீன் என்பதால் அவரை வானசாத்திரியாகவே பார்த்தார்கள். ஐரோப்பா சுற்றி நமக்கு வந்து சேர்ந்தது இந்தத் திரிந்த வடிவம்தான்.

இந்த மதத்தவர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் மஸ்தயஸ்னா, அதாவது மஸ்தாவை வழிபடுதல். அஹுரா மஸ்தா என்றால் அறிவே வடிவான இறைவன். இந்த ‘அஹுரா’வும் நம் ‘அசுர’னும் ஒரே வேர், ‘தைவா’வும் ‘தேவ’னும் ஒரே வேர், ஆனால் அங்கே அஹுரா கடவுள், தைவாக்கள் தீய சக்திகள். எனக்கு இந்தச் சொல்வரலாற்றில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம், ‘நெருப்பை வணங்குகிறவர்கள்’ என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடலாம். கோயில் நெருப்புக்குச் சந்தனக்கட்டை இடும் குரு தன் மூச்சுக்காற்றுகூடப் படாதபடி வெள்ளைத் துணியால் வாயை மூடிக்கொள்கிறார், அவ்வளவு தூய்மை அதற்கு. ஆனாலும் தொழப்படுவது அஹுரா மஸ்தா, நெருப்பு ‘அஷா’ என்ற வாய்மையின் அடையாளம். இடுப்பில் 72 கம்பளி இழைகளால் நெய்த ‘குஸ்தி’ கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டுவார்கள், நல்லெண்ணம், நற்சொல், நற்செயல் என்ற மூன்றையும் நினைவூட்ட.

‘பார்சி மதம்’ என்பதும் போதாது. 651-இல் சாசானியப் பேரரசு வீழ்ந்த பின் ஈரானிலிருந்து கடல்வழியே குஜராத் வந்தவர்களின் வழியினர்தான் பார்சிகள், 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 57,264 பேர். ஈரானின் யஸ்து, கெர்மான் பக்கம் இதே சமயத்தில் இருப்பவர்கள் பார்சிகள் அல்லர்.

சரி, தமிழில்? ‘சரத்துஸ்திர நெறி’ என்பதே என் தேர்வு. ஞானியின் பெயர் மூலத்துக்கு நெருக்கமாக நிற்கிறது, மதுரைக் குழப்பமும் வராது. சென்னை ராயபுரத்தில் 1910-இல் கட்டிய இந்நெறியினரின் கோயில் இருக்கிறது. அதையும் ‘சரத்துஸ்திரர் கோயில்’ என்றே எழுதலாம்.