போனது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு: புற ஊதாக் கதிரின் வரவு செலவு

வானிலைச் செயலியைத் திறந்தால் வெப்பநிலைக்குப் பக்கத்தில் ‘யுவி இன்டெக்ஸ் 9’ என்று ஓர் எண் இருக்கும். தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதாக் கதிர் தரையில் எவ்வளவு விழுகிறது என்பதன் அளவு அது. எந்த அலைநீளம் தோலுக்கு எவ்வளவு கெடுதல் என்று எடை போட்டுக் கூட்டிய பிறகு, ஒரு சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட் வந்தால் இன்டெக்ஸ் 1. அப்படியானால் 9 என்பது 225 மில்லிவாட். தரையில் கருவி வைத்து இதை நேரடியாகவே அளக்கலாம். ஆனால் அத்தகைய கருவிகள் உலகில் சில இடங்களில்தான் இருக்கின்றன. நடுக்கடலிலும் பாலைவனத்திலும் செயற்கைக்கோளை நம்பித்தான் ஆகவேண்டும்.

செயற்கைக்கோளுக்கோ தரையில் விழும் கதிர் கண்ணிலேயே படாது. 2004-இல் ஏவப்பட்ட நாசாவின் ஆரா சுமார் 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து பார்த்தால், காற்றிலும் மேகத்திலும் தரையிலும் பட்டு மேலே திரும்பி வரும் ஒளி மட்டுமே தெரியும். கீழே போனது எவ்வளவு என்பதைத் திரும்பி வந்ததை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடைக்குப் போனவர் கொண்டுவந்த மீதியைப் பார்த்துச் செலவைச் சொல்வது மாதிரி. கையில் கொடுத்து அனுப்பியது தெரிந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். அது நமக்குத் தெரியும்: சூரியன் வளிமண்டலத்தின் உச்சியில் எவ்வளவு புற ஊதாக் கதிரைக் கொட்டுகிறது என்பது அளந்து வைத்த விஷயம். எந்த இடத்தில் எந்த நேரத்தில் சூரியன் எவ்வளவு சாய்ந்திருக்கும் என்பதும் துல்லியமாகத் தெரியும்.

செலவில் முதலாவது ஓசோன். தலைக்கு மேலே உள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து, பூஜ்ஜியம் டிகிரியில் ஒரே அடுக்காக விரித்தால் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன்தான் வரும். இதைத்தான் 300 டாப்சன் அலகு என்கிறார்கள். இவ்வளவு மெல்லிய படலத்தை மேலிருந்து எப்படி அளப்பது? இரண்டு அலைநீளங்களை ஒப்பிட்டுத்தான். 317.5 நானோமீட்டர் ஒளியை ஓசோன் நன்றாக விழுங்கும். 331 நானோமீட்டர் ஒளியைக் கொஞ்சமாகத்தான் தொடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே பாதையில் போய்த் திரும்புபவை. திரும்பும்போது முதலாவது எவ்வளவு அதிகமாக மங்கியிருக்கிறதோ அவ்வளவு ஓசோன் வழியில் இருக்கிறது. 1978-இல் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் போன, ஓசோனை அளக்கும் டாம்ஸ் கருவி இந்த முறையில்தான் அண்டார்டிக் ஓசோன் துளையை வரைபடமாகக் காட்டியது.

அடுத்தது மேகம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஓசோன் தொடாத 360 நானோமீட்டர் பக்கம் போனால் மேகம் பளிச்சென்று தெரியும். மேகம் புற ஊதாக் கதிரைச் சிதறடிக்குமே தவிர, கிட்டத்தட்ட விழுங்குவதே இல்லை. அதனால் மேலே திரும்பாதது எல்லாம் கீழே இறங்கிவிட்டது என்று துணிந்து சொல்லலாம். நூறில் அறுபது திரும்பியிருந்தால் ஏறக்குறைய நாற்பது இறங்கியிருக்கும். மேகத்தின் தடிமனோ உயரமோ பெரிதாகத் தெரிய வேண்டியதில்லை.

சரி, வழியில் விழுங்குகிற ஏதாவது இருந்தால்? கரும்புகையும் பாலைவனத் தூசியும் அப்படிப்பட்டவை. அவை விழுங்கிய ஒளி மேலேயும் வராது, கீழேயும் போகாது. திரும்பி வரவில்லை என்பதால் கணக்கு அதையும் தரைக்குப் போனதாக எழுதிவிடும். மாசடைந்த நகரங்களில் செயற்கைக்கோள் சொல்லும் புற ஊதா அளவு, தரைக்கருவி காட்டுவதைவிடக் கூடுதலாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். புகையின் தன்மையைத் தனியாகச் சேர்த்துத் திருத்தம் செய்கிறார்கள்.

பனி இதற்கு நேர் எதிர். புதிதாக விழுந்த பனி, தன்மேல் படும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரைகூடத் திருப்பி அனுப்பும். மேலிருந்து பார்த்தால் மேகத்தின் வெண்மையும் பனியின் வெண்மையும் ஒன்றுபோலவே இருக்கும். பனியை மேகம் என்று நினைத்துவிட்டால் தரைக்குக் குறைவாக வந்ததாகக் கணக்கு வரும். உண்மையில் பனியிலிருந்து எழும்பிய ஒளியைக் காற்று மறுபடி கீழே சிதறடிப்பதால், வழக்கத்தைவிட அதிகம் வந்திருக்கும். எந்த மாதத்தில் எங்கே பனி இருக்கும் என்ற தகவலைக் கணக்கில் முன்கூட்டியே சேர்ப்பது இதற்காகத்தான்.

கருவியும் தேயும். சூரியனை நேரே பார்த்தால் ஒளி மிகையாகிவிடும் என்பதால், ஒளியைப் பரப்பும் ஒரு தகட்டின் வழியாகத்தான் அதைப் பார்த்து அளவைச் சரிசெய்வார்கள். நிம்பஸ்-7-இல் அந்தத் தகடே புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மங்கிப்போனது. தகடு மங்கியதா, ஓசோன் குறைந்ததா என்று பிரித்தறிய ஆய்வாளர்கள் பெரும்பாடு பட்டார்கள். 1991-இல் மீட்டியோர்-3 செயற்கைக்கோளில் போன அடுத்த டாம்ஸில் மூன்று தகடுகள். ஒன்றை அடிக்கடியும் ஒன்றை எப்போதாவதும் வெயிலுக்குக் காட்டி, அவற்றின் வித்தியாசத்திலிருந்து தேய்மானத்தைக் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம் நேரம் என்று ஒன்று இருக்கிறது. ஆராவும், 2017-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-5பி-யும் பெரும்பாலான இடங்களைப் பகலில் ஒருமுறை, மதியம் ஒன்றரை மணியையொட்டித்தான் கடக்கின்றன. காலையெல்லாம் வெயில் கொளுத்திவிட்டு ஒன்றரைக்கு மேகம் மூடினால், அந்த ஒரு காட்சிதான் முழு நாளுக்கும் சாட்சி. 2015-இல் ஏவப்பட்ட டிஸ்கவர் செயற்கைக்கோளில் உள்ள எபிக் கேமரா இந்தக் குறையை வேறு வழியில் தீர்த்தது. 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியனுக்கும் பூமிக்கும் இடையே நின்று, பூமியின் வெயில் படும் முகம் முழுவதையும் ஒரே படத்தில் பிடித்தது. பூமி சுழலச் சுழல, ஒரே ஊர் அதன் படங்களில் காலை முதல் மாலைவரை பலமுறை வந்துபோனது.