வயதானவர்கள் மெலிந்தால் வயதைக் குற்றம் சொல்லாதீர்கள்

"வயசு போனால் மெலியத்தானே செய்யும்?"

கொழும்பில் வீடு வீடாகப் போய் முதியவர்களின் போஷாக்கைப் பார்க்கும் வேலை என்னுடையது. வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை என்று எங்கே போனாலும் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. கடைசியாக இதைக் கேட்ட வீட்டில் அம்மாவின் நிறை ஏழு மாதத்தில் 54 கிலோவிலிருந்து 45 கிலோவுக்கு இறங்கியிருந்தது. கிளினிக் கொப்பியில் பழைய நிறையை யாரோ எழுதிவைத்திருந்ததால்தான் அதுகூடத் தெரிந்தது. வீட்டில் எவருக்கும் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தது, பிறஷர் மெஷின் இருந்தது, மகன் கனடாவிலிருந்து அனுப்பிய ஒக்சிமீட்டரும் இருந்தது. நிறை பார்க்கத் தராசு மட்டும் இல்லை. தினமும் காலையில் சுகர் பார்த்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். "அம்மாவின் சுகர் இப்ப நல்ல கொன்ட்ரோல்" என்று பிள்ளைகள் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா சாப்பிடாததால் இறங்கிய சுகர் அது! நிறை இவ்வளவு குறைந்த பிறகும் சுகரைக் குறைக்கும் கிளிக்லசைட் போன்ற குளிசையைப் பழைய அளவிலேயே கொடுத்துக்கொண்டிருந்தால், ஒரு நாள் இரவு சுகர் அடிமட்டத்துக்குப் போய் மயங்கிக் கிடப்பார்கள். நிறை குறைகிறதென்றால் மருந்தின் அளவையும் டொக்டரிடம் மறுபடி கேட்கவேண்டும். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

சரி, வயதுக்கு வருகிறேன். வயது போகப் போகப் பசி கொஞ்சம் குறையும், நாக்கு ருசி மங்கும், தாகம் தெரியாது, தசையும் குறையும். உண்மைதான். ஆனால் இதெல்லாம் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல நடப்பவை. ஆறு மாதத்துக்குள் உடம்பு நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்கு போவது, அதாவது 50 கிலோ இருந்தவர் மெலிய முயற்சி எடுக்காமலே இரண்டரைக் கிலோ இழப்பது, வயது செய்யும் வேலை அல்ல. அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. பல்செட் தளர்ந்து கடிக்க முடியாமல் இருக்கலாம். கணவர் போன துக்கம் மனச்சோர்வாக மாறியிருக்கலாம். மெட்ஃபோமின் என்ற சுகர் குளிசை வயிற்றைப் புரட்டலாம். தைரொயிட், காசநோய், புற்றுநோய், நாட்பட்ட மலச்சிக்கல், சாப்பிட்டோமா இல்லையா என்றே மறந்துபோகும் ஞாபகமறதி என்று எதுவாகவும் இருக்கலாம். நாலாம் மாடியில் லிப்ட் வேலை செய்யாமல், மார்க்கட்டுக்கு இறங்கவே முடியாமல் போனதும் ஒரு காரணம்தான். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். "வயசு" என்று சொன்ன அந்த நிமிஷமே தேடுவதை நிறுத்திவிடுகிறோம். எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

கரைந்து போவதும் வெறும் கொழுப்பு இல்லை, தசை. தசை போனால் கதிரையிலிருந்து எழும்ப முடியாது, பாத்ரூமில் விழுவார்கள், இடுப்பெலும்பு உடையும், படுக்கைப்புண் ஆறாது, சளி பிடித்தால் நியூமோனியாவில் கொண்டுபோய் விடும். பருமனான உடம்புக்காரர்களுக்கும் இதேதான். "அன்ரி மெலிஞ்சு வடிவா வந்திட்டா" என்று வாழ்த்துகிறவர்கள், அவர் மெலியவேண்டும் என்று முயற்சி செய்தாரா என்று முதலில் கேளுங்கள். கால் வீங்கியிருந்தால் தராசும் ஏமாற்றும். தண்ணீரின் நிறை தசை போனதை மறைத்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். வீடியோ கோலில் உங்களுக்குத் தெரிவது அம்மாவின் முகம் மட்டும். பொட்டும் பூவுமாய் இருக்கும் முகத்தில் ஒன்றும் தெரியாது. நான் பார்த்த அந்த அம்மாவின் காப்பு முழங்கை வரை ஏறியது. மோதிரம் கழன்று விழாமலிருக்க அதில் நூல் சுற்றியிருந்தார். பிளவுஸ் இரண்டு தரம் பிடித்துத் தைத்திருந்தது. போனைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லி, கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து ஐந்து தரம் எழும்பி இருக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும். 15 செக்கனுக்கு மேல் எடுத்தாலோ, எழும்பவே முடியாவிட்டாலோ தசைப்பலம் குறைந்திருக்கிறது.

வீட்டில் எப்படிப் பார்ப்பது? நாங்கள் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மினி நியூட்ரிஷனல் அசெஸ்மென்ட் என்ற கேள்வித்தாளின் சுருக்க வடிவத்தைப் பாவிக்கிறோம். ஆறே கேள்வி. கடந்த மூன்று மாதத்தில் சாப்பாடு குறைந்ததா, நிறை குறைந்ததா, வெளியே நடமாடுகிறாரா, பெரிய நோயோ மன அதிர்ச்சியோ வந்ததா, ஞாபகமறதியோ மனச்சோர்வோ இருக்கிறதா, கடைசியாக உயரத்துக்கேற்ற நிறை. மொத்தம் 14 புள்ளி. 12 அல்லது அதற்கு மேல் பயமில்லை, 8 முதல் 11 வரை ஆபத்து விளிம்பு, 7 அல்லது அதற்குக் கீழே போஷாக்குக் குறைபாடு. முதுகு கூனியவரின் உயரத்தைச் சரியாக அளக்க முடியாது, படுக்கையில் இருப்பவரை நிறுக்கவும் முடியாது. அப்போது தையல்காரரின் அளவு நாடா போதும். முழங்காலை மடித்து உட்காரவைத்து, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் இறுக்காமல் சுற்றுங்கள். 31 சென்டிமீற்றருக்குக் குறைந்தால் டொக்டரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். இரத்தப் பரிசோதனையில் அல்புமின் என்ற புரதம் சரியாக இருக்கிறதே என்று ரிப்போட்டை நீட்டுகிறவர்கள் உண்டு. அல்புமின் காய்ச்சலோடும் கிருமித்தொற்றோடும் ஏறி இறங்கும், அதை வைத்துப் போஷாக்கை முடிவு செய்ய ஏலாது.

அப்புறம், "நல்லா சாப்பிடுறீங்களா?" என்று கேட்காதீர்கள். "ஓம் பிள்ளை, எனக்கென்ன குறை" என்றுதான் பதில் வரும். நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன வாய்க்குள் போனது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வேலைக்கு வரும் பிள்ளையையும் கேளுங்கள், பிரிஜ்ஜையும் திறந்து பாருங்கள். அந்த அம்மாவின் நாள் இப்படி: காலையில் பிளேன் டீயும் இரண்டு கிரீம் கிரேக்கரும், மத்தியானம் ஒரு பிடி சோறும் சொதியும், இரவு இரண்டு இடியப்பம். இதில் புரதம் 20 கிராமைக்கூட எட்டாது. 45 கிலோ உடம்புக்கு ஆகக் குறைந்தது 45 கிராமாவது தினம் வேண்டும், நோயிலிருந்து தேறுகிறவருக்கு இன்னும் கூட.

ஏன் இப்படி என்று பார்த்தால் வீடு முழுக்கத் தடை. சுகர் என்று சோறு நிறுத்தம். கொலஸ்ட்ரோல் என்று முட்டையும் தேங்காய்ப்பாலும் நிறுத்தம். பிறஷர் என்று உப்பில்லாத கறி. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொன்றை நிறுத்த, கடைசியில் மிஞ்சியது பிஸ்கட். 80 வயதில், நிறை குறைந்துகொண்டே போகிறவருக்கு, இருபது வருடம் கழித்து வரக்கூடிய மாரடைப்பைத் தடுப்பது முதல் வேலை அல்ல. முட்டை ஒன்று தினம் கொடுங்கள், மஞ்சள் கருவோடு. அதில் 6 கிராம் புரதம் இருக்கிறது. தடைகளை ஒரே டொக்டரிடம் கொண்டுபோய், இப்போதும் இவை தேவைதானா என்று கேளுங்கள்.

அதிகம் சாப்பிடு என்று கோப்பையில் குவிக்காதீர்கள், பார்த்தவுடனே பசி செத்துவிடும். சின்னச் சின்னதாய் ஐந்தாறு வேளை. கஞ்சிக்குள் பயறும் ஒரு கரண்டி தேங்காய்ப்பாலும், பருப்பைத் தண்ணியாக்காமல் கெட்டியாக, மீனை முள் நீக்கி மசித்து, உழுத்தங்களி நல்லெண்ணெய் விட்டு. பிளேன் டீக்குப் பதில் பால் தேத்தண்ணி. சாப்பாட்டுக்கு முன் வயிறு முட்டத் தண்ணீர் கொடுக்காதீர்கள், இடையிடையே கொடுங்கள். பக்கத்தில் யாராவது இருந்து சாப்பிட்டால் முதியவர்கள் கூடுதலாகச் சாப்பிடுவார்கள். விரதம் பிடிக்கும் அம்மாக்களிடம் சண்டை வேண்டாம். பாலும் பழமும் கடலையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சிப் பாருங்கள்.

சிறுநீரக நோய் உள்ளவருக்குப் புரதத்தை நீங்களாகக் கூட்டவேண்டாம். விழுங்கும்போது இருமினால், குரல் கரகரத்தால், முதலில் காட்டவேண்டியது டொக்டரிடம். ஐந்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவருக்கு வீட்டில் வைத்து ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். இரத்தத்தில் பொஸ்பேற்றும் பொட்டாசியமும் சடாரென்று இறங்கி இதயத்தைத் தாக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தராசு ஒன்று வாங்குங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, காலையில், சாப்பிட முன், அதே மாதிரி மெல்லிய உடுப்போடு நிறை பார்த்து, கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதிவையுங்கள். அடுத்த கிளினிக்கில் டொக்டர் கேட்காவிட்டாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.