ஒரு காண்டாமிருகம் 17 ஆண்டுகள் ஐரோப்பாவைச் சுற்றியது எப்படி?

1741 ஜூலையில் ராட்டர்டாம் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த டச்சுக் கப்பல் ஒன்றில், வங்காளத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பெண் காண்டாமிருகம் ஒன்று இருந்தது. அப்போது அதற்குச் சுமார் மூன்று வயது. அதன் உரிமையாளரான கப்பல் தலைவர் டவ்வே மவுட் வான் டெர் மேர், பின்னர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையை விட்டுவிட்டு, இந்த ஒற்றை விலங்கை ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்டுவதையே தம் பிழைப்பாக்கிக்கொண்டார். கிளாரா என்று பெயர் பெற்ற அந்தக் காண்டாமிருகம் 1758 வரை உயிரோடு இருந்தது. அதற்கு முன் ஐரோப்பாவுக்கு வந்த காண்டாமிருகங்கள் மிகச் சில என்பதையும், அவற்றை வளர்க்க வழிகாட்டும் நூல் எதுவும் அன்று இல்லை என்பதையும் நினைத்தால், அந்த 17 ஆண்டுகள் எவ்வாறு சாத்தியமாயின என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

முதல் காரணம் அதன் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. தாயை வேட்டைக்காரர்கள் கொன்றுவிட்டதால், குட்டியாக இருந்த கிளாரா, கம்பெனியின் வங்காள இயக்குநராக இருந்த யான் ஆல்பர்ட் சிக்டர்மனின் வீட்டில் வளர்ந்தது. விருந்தினர் நடுவே சென்று தட்டிலிருந்து உண்ணும் அளவுக்கு மனிதர்களோடு பழகியது. காட்டில் காண்டாமிருகக் குட்டி தாயை விட்டு அகலாமல் சில ஆண்டுகள் வாழும். அந்தப் பருவத்தில் தாயின் இடத்தில் மனிதர்கள் இருந்ததால்தான், பிற்காலத்தில் கூட்டத்தின் இரைச்சலை அதனால் தாங்க முடிந்தது. கொடுமையான ஓர் இழப்பே அதன் சாந்தத்துக்கு அடிப்படை என்பதை நாம் மறக்கலாகாது.

இரண்டாவது காரணம் தீவனம். நாளொன்றுக்கு 60 பவுண்டு உலர்புல், 20 பவுண்டு ரொட்டி, 14 வாளித் தண்ணீர் என்று அக்கால விளம்பரத் தாள்கள் அறிவித்தன. காண்டாமிருகம் மாட்டைப் போல அசைபோடும் விலங்கன்று. குதிரையின் உறவான ஒற்றைப்படைக் குளம்பி, அதாவது பாதத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் குளம்புகள் கொண்ட விலங்கு. இரண்டுமே புல்லின் நார்ப்பொருளை வயிற்றில் அன்றி, பெருங்குடல் பகுதியில் வாழும் நுண்ணுயிரிகளின் உதவியால் நொதிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. குதிரைகளே போக்குவரத்தாக இருந்த ஐரோப்பாவில், சாலையோரச் சத்திரம் ஒவ்வொன்றிலும் உலர்புல் குவிந்து கிடந்தது. ஆகவே, வங்காளத்து ஈரப்புல்வெளியில் மேய வேண்டிய விலங்குக்கு, அதன் குடல் ஏற்றுக்கொள்ளும் உணவு செல்லுமிடமெல்லாம் கிடைத்தது. இறைச்சியை நாள்தோறும் தேட வேண்டிய சிங்கக் காட்சியாளருக்கு இந்த வசதி இருக்கவில்லை.

தோலைப் பேணுவதுதான் கடினம். இந்தியக் காண்டாமிருகம் வெப்பத்தைத் தணிக்கவும் ஈக்கடியிலிருந்து தப்பவும் நாளில் பல மணி நேரம் நீரிலும் சேற்றிலும் கிடக்கும். கப்பல் தளத்தில் சேறு ஏது? அதற்கு மாற்றாக உடலெங்கும் மீன் எண்ணெய் தடவினார்கள். எண்ணெய்ப் படலம் ஈரம் ஆவியாவதைத் தடுத்து, தோல் வெடிக்காமல் காத்தது. கடினமான தரையில் வாழும் காண்டாமிருகங்களுக்குப் பாதத்தில் வெடிப்புகள் தோன்றுவதை இன்றைய விலங்குக் காட்சியகங்கள் நன்கு அறியும். பல குதிரைகள் இழுத்த மரக் கூண்டு வண்டி அதன் பாதங்களையும் ஓரளவு காத்திருக்க வேண்டும். மூடிய வண்டியால் வேறு பயனும் இருந்தது: காசு கொடுக்காமல் வழியில் எவரும் பார்த்துவிட முடியாது.

கட்டணம், படங்கள், பதக்கங்கள் ஆகியவற்றின் விற்பனையே வருமானம். பெர்லினில் இரண்டாம் பிரெடெரிக்கும், வியன்னாவில் மரியா தெரேசாவும், 1749இல் வெர்சாய் அரண்மனையில் பதினைந்தாம் லூயியும் கிளாராவைக் கண்டனர். என் பார்வையில், அரசர்கள் கண்டதைவிட ஓவியர்கள் கண்டதே பெரிது. 1515இல் ஜெர்மானிய ஓவியர் டூரர் காண்டாமிருகத்தை நேரில் காணாமலே உருவாக்கிய மரச்செதுக்குப் படத்தில், தோல் போர்க்கவசத் தகடுகளாகவும், தோளின் மேல் கூடுதலாக ஒரு சிறு கொம்போடும் அமைந்திருந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அந்தப் பிழையே அறிவாக நிலவியது. பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் ஊத்ரி கிளாராவை உயிர் அளவில் வரைந்தார்; பிரெஞ்சு இயற்கையியலாளர் பஃபோனும் தம் நூலுக்கு அதையே சான்றாகக் கொண்டார். தோல் மடிப்புகள் தகடுகளல்ல, உடல் வளைய இடங்கொடுக்கும் மடிப்புகளே என்பது அதன்பின்தான் பரவலாக விளங்கியது.

1750இல் இத்தாலியில் அதன் கொம்பு விழுந்துவிட்டது. காண்டாமிருகக் கொம்பின் உள்ளே எலும்பில்லை. நம் நகத்தையும் முடியையும் ஆக்கும் கெரட்டினே அது என்பதால், அடித்தோல் சிதையாவிட்டால் மீண்டும் வளரும். மறு ஆண்டு வெனிஸ் திருவிழாக் காலத்தில் பியெத்ரோ லோங்கி தீட்டிய ஓவியத்தில், முகமூடி அணிந்தோர் பின்னால் அமர்ந்திருக்க, காட்சியாளர் ஒரு கையில் அந்தக் கொம்பை உயர்த்திப் பிடித்திருக்கிறார். கொம்பில்லாத கிளாரா உலர்புல்லைத் தின்றுகொண்டிருக்கிறது.

1758 ஏப்ரல் 14 அன்று லண்டனின் லாம்பெத் பகுதியில் அது இறந்தது. அப்போது அதற்குச் சுமார் 20 வயது. அதன் இனம் 40 ஆண்டுகள் வரை வாழக்கூடியது.