40% சர்டிபிகேட் இல்லைனாலும் உரிமை இருக்கு

மாற்றுத்திறனாளி சட்டம்னாலே நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது கவர்மென்ட் வேலையில 4% இடஒதுக்கீடும் பஸ் பாஸும்தான். ஆனா 2017 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு சொல்லுது. ஒருத்தரோட குறைபாட்டைக் காரணம் காட்டி ஒதுக்கறது மட்டும் பாரபட்சம் இல்ல, அவர் வேலை செய்யத் தேவையான நியாயமான வசதியைச் செஞ்சு தர மறுக்கறதும் பாரபட்சம்தான்.

வசதின்னா பெருசா ஒண்ணும் இல்ல, வீல்சேர்ல வர்றவருக்கு சீட்டைக் கீழ்த்தளத்துக்கு மாத்தறது, பார்வை இல்லாதவர் கம்ப்யூட்டர்ல திரையில இருக்கறதைப் படிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடர் போட்டுத் தர்றது, காது கேக்காதவருக்கு மீட்டிங்ல பேசினதை எழுத்துல அனுப்பறது, தலசீமியாங்கற ரத்த நோய் இருக்கறவர் ரத்தம் ஏத்திக்கப் போற நாள்ல ஷிப்ட் மாத்திக் குடுக்கறது, இப்படித்தான். ஆபீஸுக்குத் தாங்க முடியாத சுமைன்னா மறுக்கலாம், ஆனா வசதி செஞ்சு தர்ற செலவை அந்த ஊழியர் தலையில கட்டக் கூடாதுன்னு 2017 மத்திய விதிகள்லயே இருக்கு. இது நிறைய எச்ஆர் ஆளுங்களுக்கே தெரியாதுன்னு நினைக்கறேன்.

அப்புறம் இந்த 40% குழப்பம், அதாவது குறைபாடு 40% இருக்குன்னு சர்டிபிகேட் இருந்தாதான் உரிமைன்னு நினைக்கறது. இடஒதுக்கீடு கேக்கணும்னாதான் 40% வேணும், பாரபட்சம் கூடாதுங்கறதுக்கு எந்த பர்சென்டும் கிடையாது. எழுதும்போது கை இழுத்துக்கற பிரச்சனை உள்ள ஒருத்தர் யுபிஎஸ்சி பரிட்சைக்கு எழுத ஆள் கேட்டப்ப 40% இல்லைன்னு மறுத்தாங்க, 2021ல சுப்ரீம் கோர்ட் அது தப்புன்னு சொல்லிடுச்சு. சட்டத்தோட குறைபாடு லிஸ்ட்ல மொத்தம் 21 வகை இருக்கு, டிஸ்லெக்சியா (படிக்கறது, எழுதறதுல வர்ற சிரமம்), பார்கின்சன், மனநோய், ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்க எல்லாம் அதுல வருவாங்க.

கவர்மென்ட் ஊழியருக்கு சர்வீஸ்ல இருக்கும்போது ஊனம் வந்தா வேலைய விட்டுத் தூக்கவோ பதவியக் குறைக்கவோ முடியாது, பழைய வேலை செய்ய முடியலைனா அதே சம்பளத்துல வேற வேலை தரணும்.

பிரைவேட் கம்பெனியும் சமவாய்ப்புக் கொள்கைன்னு ஒண்ணு எழுதி வெப்சைட்லயோ ஆபீஸ்ல கண்ணுல படற இடத்துலயோ போடணும், 20 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா அதுல விவரமும் கூடுதலா இருக்கணும்.

புகார்னா, கவர்மென்ட் ஆபீஸ்ல குறைதீர்ப்பு அதிகாரி இருப்பார், ரெண்டு வாரத்துல விசாரிக்கணும். பிரைவேட்ல தலைமைக்கு எழுத்துல குடுங்க, வாய்ல சொன்னா காத்தோட போயிடும். அதுலயும் சரியாகலைனா மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்கிட்ட போகலாம். அவர் குடுக்கறது பரிந்துரைதான், கோர்ட் ஆர்டர் மாதிரி கட்டிப்போடாது, அதுதான் இந்தச் சட்டத்துல பெரிய ஓட்டை. ஆனாலும் பரிந்துரை வாங்கின ஆபீஸ் என்ன செஞ்சோம்னு மூணு மாசத்துக்குள்ள பதில் சொல்லியாகணும்.

நாலு பேர் முன்னாடி வேணும்னே "நொண்டி", "செவிடு"ன்னு கேவலப்படுத்தினா கதையே வேற, பிரிவு 92ல 6 மாசத்துல இருந்து 5 வருஷம் வரைக்கும் ஜெயில், கூட அபராதம். அதுக்கு நேரா போலீஸ் ஸ்டேஷன்லயே புகார் குடுக்கலாம்.