தமுன்ஹ்வா: ஒரு கொரியச் சொல்லும் அதன் தமிழும்

கொரியத் தொடர்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் தமிழில் வசன வரி எழுதுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் 'தமுன்ஹ்வா' என்ற சொல். அகராதி 'பல்பண்பாடு' என்று பொருள் சொல்லும். ஆனால் பள்ளிக்கூடக் காட்சியில் ஒரு பையன் இன்னொருவனைக் காட்டி "அவன் தமுன்ஹ்வா" என்கிறான். "அவன் பல்பண்பாடு" என்று தமிழில் போட்டால் யாருக்குப் புரியும்? அந்தப் பையன் சொன்னது, "அவங்கம்மா வெளிநாட்டுக்காரங்க" என்பதைத்தான். அதிலும் எந்த வெளிநாடு என்பது சொல்லாமலே புரிந்துவிடும்: வியட்நாம், பிலிப்பைன்ஸ், கம்போடியா, சீனா.

முதலில் ஒலிப்பு. தமிழைப் போலவே கொரியத்திலும் வல்லினம் சொல்லின் முதலில் ஒருவிதமாகவும் உயிர்களுக்கு நடுவில் மெலிந்தும் ஒலிக்கும், எழுத்து ஒன்றுதான். ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'டாமுன்வா' என்று எழுத வேண்டியதில்லை, 'த' போதும். வேகமாகப் பேசும்போது ஹகரம் தேய்ந்து 'தமுனுவா' போலக் கேட்கும். காதால் கேட்டு எழுதுகிறவர்கள் இதை வேறு சொல் என்று நினைத்துவிடுவது உண்டு.

சொல்லின் பகுதிகள் இரண்டு. 'த' என்றால் பல. 'முன்ஹ்வா' என்றால் பண்பாடு. இரண்டும் சீன எழுத்துவழி வந்தவை. 'முன்ஹ்வா' பழைய சீன நூல்களில் கல்வியாலும் ஒழுக்கத்தாலும் மக்களைப் பண்படுத்துவதைக் குறித்தது. மேலைநாட்டுக் கருத்துகளைப் பெயர்க்கச் சொல் தேடிய மெய்ஜி கால (1868-1912) ஜப்பானியர் அதை இன்றைய 'பண்பாடு' என்ற பொருளுக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பொருளோடு அது கொரியாவுக்கு வந்து சேர்ந்தது.

இந்தச் சொல் தலையெடுக்கக் காரணம், முன்பு இருந்த சொற்கள் காயப்படுத்தியதுதான். 'ஹொன்ஹ்யொல்' என்றால் நேர்பொருளில் கலந்த இரத்தம். 'கொஷியன்' என்று இன்னொன்று, கொரியனையும் ஏஷியனையும் ஒட்டவைத்தது. கொரியர்கள் ஏதோ ஆசியாவுக்கு வெளியே இருப்பதுபோல! 2006இல் 'அமெரிக்கன் ஃபுட்பால்' வீரர் ஹைன்ஸ் வார்ட், அந்த ஆட்டத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் போலில் சிறந்த வீரராகத் தேர்வானார். தாய் கொரியர், தந்தை ஆப்பிரிக்க அமெரிக்கர். அவர் சியோலுக்கு வந்தபோது ஊடகங்கள் கொண்டாடின. கலப்புப் பிள்ளைகளைக் கொரியா எப்படி நடத்தியது என்ற பேச்சும் கூடவே கிளம்பியது. அடுத்த ஆண்டு ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, 'தூய இரத்தம்', 'கலப்பு இரத்தம்' போன்ற சொற்கள் கொரியாவில் புழங்குவதைச் சுட்டிக் கவலை தெரிவித்தது. 2008இல் பல்பண்பாட்டுக் குடும்ப ஆதரவுச் சட்டம் வந்தது. 'தமுன்ஹ்வா' அரசாங்கச் சொல் ஆனது.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. சட்டப்படி இத்தகைய குடும்பத்தில் ஒருவர் மணவழிக் குடியேறியவராகவோ குடியுரிமை பெற்றவராகவோ இருக்கவேண்டும். மற்றவர் கொரியக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்கவேண்டும். 2011 திருத்தம் வரை அந்த மற்றவர் பிறப்பிலேயே கொரியராக இருந்தாக வேண்டும் என்றும் இருந்தது. ஆக, தொழிற்சாலை வேலைக்கு வந்து அங்கேயே பிள்ளை பெற்று வாழும் வியட்நாமியத் தம்பதி இந்தச் சட்டத்தின் கணக்கில் 'தமுன்ஹ்வா' குடும்பம் இல்லை. பெயரில் 'பல' இருக்கிறது. உள்ளே நுழையக் கொரியத் துணை வேண்டும்.

தொலைக்காட்சி இந்தக் குறுகலை இன்னும் இறுக்கியது. கொரியப் பொதுத் தொலைக்காட்சியான கேபிஎஸ்ஸின் 'லவ் இன் ஏஷியா' 2005 முதல் 2015 வரை ஓடியது. மணமாகி வந்த பெண், கணவன் வீட்டு வாழ்க்கை, தாய்நாட்டில் இருக்கும் பெற்றோர், நெடுநாள் கழித்துச் சந்திப்பு, கண்ணீர் என்பதே அதன் வழக்கமான தடம். இபிஎஸ்ஸில் மாமியார் மருமகள் சண்டைக்கென்றே ஒரு நிகழ்ச்சி இருந்தது; இருவரும் மருமகளின் ஊருக்குப் பயணம் போய்ச் சமாதானம் ஆவார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் பத்தாண்டு பார்த்தவருக்குத் 'தமுன்ஹ்வா' என்றதும் மனத்தில் வருவது கிம்ச்சி ஊறுகாய் போடக் கற்கும் மருமகள்தான். அதே காலத்தில், 2014இல் ஜேடிபிசி தொடங்கிய 'பிஜொங்சாங் ஹ்வேதாம்' நிகழ்ச்சியில் வெளிநாட்டு ஆண்கள் கோட்டு சூட்டோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சரளமான கொரியத்தில் விவாதித்தார்கள். 'ஜொங்சாங்' என்பதற்கு உச்சிமாநாட்டின் 'உச்சி' என்றும் 'இயல்பு' என்றும் இரு பொருள். 'பி' சேர்ந்தால் 'அல்லாத'. 'ஹ்வேதாம்' என்றால் பேச்சுவார்த்தை. தலைப்பே சிலேடை. இவர்களை யாரும் 'தமுன்ஹ்வா' என்பதில்லை, 'வேகுகின்', அதாவது வெளிநாட்டவர். மேலைநாட்டு மாப்பிள்ளை என்றால் 'குளோபல்' குடும்பம் என்ற சொல் வந்துவிடும்.

இனி, தமிழில் என்ன எழுதுவது? கொள்கையையோ சட்டத்தின் பெயரையோ சொல்லும் இடத்தில் 'பல்பண்பாடு' சரி. புணர்ச்சி விதிப்படி 'பற்பண்பாடு' என்று திருத்த வேண்டாம். அது பல் மருத்துவம்போல இருக்கிறது. பல்கலைக்கழகம் நிற்பதுபோல இதுவும் நிற்கும். 'பன்முகப் பண்பாடு' வேறு: ஒரே பண்பாட்டின் பல முகங்கள். குடும்பத்தைக் குறிக்கும் இடத்தில் 'அயல்நாட்டு மணக் குடும்பம்' பொருந்தும். 'கலப்புமணக் குடும்பம்' என்று எழுதினால் தமிழ் வாசகர் சாதியை நினைப்பார். 'கலப்பினம்' நமக்கு மாட்டுக்கும் நெல்லுக்கும் உரிய சொல். எனவே பாத்திரம் 'ஹொன்ஹ்யொல்' என்று இழிவாகச் சொல்லும் இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது 'சாஜங்நிம்'. 'சாஜங்' நிறுவனத் தலைவர், 'நிம்' மரியாதை விகுதி. தமிழில் 'முதலாளி' அப்படியே உட்காரும். 2004 வாக்கில் கேபிஎஸ் நகைச்சுவை நிகழ்ச்சியில் ஜொங் சொல்கியு என்ற கொரியர், பிளாங்கா என்ற இலங்கைத் தொழிலாளியாக வேடமிட்டு "சாஜங்நிம் நாப்பாயோ" என்பார். 'நாப்பாயோ'வில் உள்ள 'யோ' நம் '-ங்க' மாதிரி: "முதலாளி கெட்டவருங்க". திட்டும்போதும் மரியாதை விடாததுதான் சிரிப்பு, வேலைக்காரனின் நிலையும் அதுதான்.

2021இல் வந்த 'ஸ்க்விட் கேம்' தொடரிலும் இதே சொல். சம்பளம் கிடைக்காத பாகிஸ்தானியத் தொழிலாளி அலியாக டெல்லிக்காரர் அனுபம் திரிபாதி நடித்தார். அலி, பரிசுப் பணத்துக்கான உயிர்ப் போட்டியில் தன்னோடு ஆடும் சங்வூவை முதலில் 'சாஜங்நிம்' என்கிறான். 'ஹ்யொங்' என்று கூப்பிடு என்கிறான் சங்வூ. வசன வரியில் முன்னதற்கு 'முதலாளி' என்றும் பின்னதற்கு 'அண்ணே' என்றும் போடவேண்டும். இரண்டுக்கும் 'சார்' என்று போட்டால், பிறகு சங்வூ அவனை ஏமாற்றும் கோலிக்குண்டுக் காட்சியில் பாதி வலி காணாமல் போய்விடும்.