லேப்ராஸ்கோப்பின்னா என்ன அர்த்தம், தமிழ்ல எப்படி சொல்லலாம்? எடை குறைக்கிற ஆபரேஷனை வச்சு ஒரு சொல் விளக்கம்

வயித்தை நீளமா வெட்டாம, சின்னச் சின்ன துளை போட்டு, கேமராவை உள்ள விட்டுப் பார்த்துக்கிட்டே ஆபரேஷன் பண்ற முறை இது. லேப்ராஸ்கோப்பி, லேப்ரோஸ்கோபி, வெறும் "லேப்"னு ஆளுக்கொரு மாதிரி எழுதறாங்க, அதுல நிறைய பேர் "லேசர் ஆபரேஷன்"னே சொல்லிட்டுப் போயிடறாங்க. லேசருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க. ரெண்டுமே "லே"ல ஆரம்பிக்குது, ரெண்டுலயும் பெரிய தழும்பு வராதுன்னு பேரு, அந்த உறவுதான்.

சொல் கிரேக்கத்துல இருந்து வந்தது. லபாரா, ஸ்கோபெய்ன்னு ரெண்டு துண்டு. ஸ்கோபெய்ன்னா பார்க்கறது, டெலஸ்கோப், மைக்ரோஸ்கோப்ல எல்லாம் இருக்கறது இதேதான். லபாராவை எல்லாரும் வயிறுன்னு சொல்லிடறாங்க, ஆனா கிரேக்கத்துல அது முழு வயிறு இல்ல, விலா எலும்பு முடியற இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல எலும்பே இல்லாம மெத்துனு இருக்கிற பக்கவாட்டுப் பகுதி. லபாரோஸ்னா தளர்ந்தது, மெதுவானதுன்னு அர்த்தம், அதுல இருந்து பொறந்த சொல். நம்மகிட்டயும் அந்த இடத்துக்குன்னே ஒரு சொல் இருக்கு, அள்ளை. வேகமா ஓடுனா அள்ளையில பிடிச்சுக்குதுன்னு சொல்வாங்களே அதுதான். அப்போ சொல்லுக்கு சொல் பார்த்தா லேப்ராஸ்கோப்பின்னா அள்ளையைப் பார்க்கறது. டாக்டருங்க அதை இழுத்து முழு வயித்துக்கும் ஆக்கிட்டாங்க.

இன்னொரு வேடிக்கை, வயித்தை நீளமா வெட்டித் திறந்து செய்யறதை நாம ஓப்பன்னு சொல்றோமே, அதுக்கு டாக்டருங்க வச்சிருக்கிற பேர்லயும் இதே லபாராதான் இருக்கு. லேப்பரோடமி. டோமேன்னா வெட்டறது. வாலு மட்டும்தான் வேற, ஒண்ணு வெட்டு, இன்னொண்ணு பார்வை.

பேர் வச்ச கதையையும் சொல்லிடறேன், ஏன்னா தமிழ்ச் சொல் தேடும்போது இது உதவும். 1901ல ஹாம்பர்க்ல நடந்த ஒரு மாநாட்டுல கெயோர்க் கெல்லிங்னு ஒரு ஜெர்மன் டாக்டர், நாயோட வயித்துக்குள்ள காத்தை ஏத்தி, மூத்திரப்பை பார்க்கிற கருவியை உள்ள விட்டு காட்டுனாரு. அவர் அதுக்கு வச்ச பேர் கோலியோஸ்கோப்பி. கோய்லியான்னா குழிவான வயிறு, வயித்தறை. 1910ல ஸ்டாக்ஹோம்ல ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபியஸ் இதை மனுஷங்ககிட்ட, அதுவும் வயித்துல நீர் கோத்தவங்ககிட்ட செஞ்சு பார்த்தாரு, வயித்தையும் நெஞ்சையும் சேர்த்து ஒரு நீளமான பேர் வச்சாரு, அதுல லேப்பரோங்கிற பாதிதான் உலகம் முழுக்க நின்னுச்சு. பிரெஞ்சுக்காரங்க மட்டும் இன்னிக்கும் கெல்லிங் பக்கம்தான், அவங்க ஊர்ல இது சீலியோஸ்கோப்பி. என்னைக் கேட்டா கெல்லிங் பேர்தான் சரி, பார்க்கறது வயித்தறையை, அள்ளையை இல்ல.

எடை குறைப்பு ஆபரேஷனுக்கு பேரியாட்ரிக்னு பேரு. பாரோஸ்னா எடை, பாரோமீட்டர்ல இருக்கிறதும் இதுதான், பின்னாடி வர்ற பாதி வைத்தியம். 1966ல அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல எட்வர்ட் மேசன்னு ஒரு டாக்டர் கேஸ்ட்ரிக் பைபாஸை (இரைப்பையைச் சின்னதாக்கி குடலோட இணைக்கிற ஆபரேஷன்) ஆரம்பிச்சப்போ எல்லாமே திறந்துதான், வேற வழியே கிடையாது. 1994ல விட்குரோவ், கிளார்க்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க துளை போட்டு பைபாஸ் செஞ்சதை எழுதுனாங்க, அதுக்கப்புறம் காத்து அந்தப் பக்கம் திரும்பிடுச்சு, இப்போ இந்த ஆபரேஷன்ல பெரும்பாலானது துளை வழியாத்தான் நடக்குது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். "லேப் பண்ணலாமா ஸ்லீவ் பண்ணலாமா"ன்னு கேக்கறவங்க நிறைய. இந்தக் கேள்வியே தப்பான ஜோடி. லேப், ஓப்பன் ரெண்டும் உள்ள போற வழியோட பேரு. ஸ்லீவ், பைபாஸ் ரெண்டும் உள்ள போய் செய்யற வேலையோட பேரு. ஸ்லீவ்ல இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்து மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி விடுவாங்க, பைபாஸ்ல சின்னதா ஒரு பை செஞ்சு அதை சிறுகுடலோட நேரா இணைச்சிடுவாங்க (இதயத்துல பண்ற பைபாஸ் வேற, வீட்ல பெரியவங்க அதை நினைச்சு பயந்துடுவாங்க, முன்னாடியே சொல்லிடுங்க). ரெண்டையும் ரெண்டு வழியிலயும் செய்யலாம். எவ்வளவு எடை குறையும்ங்கறதை முடிவு பண்றது வேலைதான், வழி இல்ல.

வழியால மாறறது என்னன்னு கேட்டா, முதல்ல காயம். திறந்து செஞ்சா நெஞ்செலும்புக்குக் கீழ இருந்து தொப்புள் பக்கம் வரைக்கும் ஒரே கோடா வெட்டணும், பருமனான உடம்புல தோலுக்கு அடியில கொழுப்பு கனமா இருக்கறதால அந்தக் காயம் சீழ் பிடிக்கவும் பின்னாடி அதே இடத்துல குடலிறக்கம் வரவும் வாய்ப்பு ஜாஸ்தி. துளைன்னா 5 முதல் 12 மில்லிமீட்டர்ல நாலஞ்சு ஓட்டை. 2001ல அமெரிக்காவுல பைபாஸுக்கு வந்த 155 பேரை குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சு பார்த்த ஒரு ஆய்வு வந்துச்சு: காயத்துல தொற்று ஓப்பன்ல 10.5 சதவீதம், லேப்ல 1.3. ஆஸ்பத்திரியில இருந்தது ஓப்பன்ல 4 நாள், லேப்ல 3. ஒரு வருஷம் கழிச்சு எடை குறைஞ்சதுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல. ஆனா லேப்லதான் நேரம் கூட ஆச்சு, இணைச்ச இடம் பின்னாடி சுருங்கிப் போறதும் லேப்லதான் அதிகம், அதையும் மறைக்காம சொல்லணும். இன்னொண்ணு, திறந்து செஞ்சா உள்ள குடல் அங்கங்க ஒட்டிக்கும், லேப்ல அந்த ஒட்டு கம்மி, அது நல்லதுதான்னாலும் பைபாஸ் பண்ணவங்களுக்கு குடல் ஃப்ரீயா அசைஞ்சு உள்ளுக்குள்ளயே ஒரு சந்துல போய் மாட்டிக்கிற ஆபத்து அதனாலயே கூடுது, அதுக்காகத்தான் அந்த சந்தை எல்லாம் தைச்சு அடைக்கறாங்க.

துளை சின்னதுன்னா ஆபரேஷனும் சின்னதுன்னு நினைச்சுக்கறது பெரிய தப்பு. உள்ள இரைப்பையை வெட்டி மூட ஸ்டேப்ளர் போடற நீளம் அதேதான், அந்தத் தையல் கசியற ஆபத்தும் இருக்கத்தான் செய்யுது, வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரையும் அதேதான். அப்புறம் லேப்புக்குன்னே ஒரு தொல்லை உண்டு, உள்ள இடம் கிடைக்கறதுக்காக கார்பன் டை ஆக்சைடை ஏத்தி வயித்தை கூடாரம் மாதிரி தூக்கி வைப்பாங்க, அதனால நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசையான உதரவிதானம் எரிச்சலாகி ஆபரேஷன் முடிஞ்சதும் தோள்பட்டை வலிக்கும், வயித்துல ஆபரேஷன் பண்ணிட்டு தோள் ஏன் வலிக்குதுன்னு பலரும் பதறிடறாங்க.

அப்போ ஓப்பன் யாருக்குத்தான்? முன்னாடி வயித்துல பல ஆபரேஷன் ஆகி உள்ள எல்லாம் ஒட்டிப் போனவங்க, ஏத்தற கேஸோட அழுத்தத்தை இதயமோ நுரையீரலோ தாங்காதவங்க, ஏற்கனவே செஞ்ச எடை ஆபரேஷனை திருத்த வர்ற சிலர். கல்லீரலும் ஒரு காரணம். அதோட இடது பக்கம் இரைப்பை மேலதான் படுத்திருக்கு, கொழுப்பு சேர்ந்து வீங்கியிருந்தா தூக்கிப் பிடிக்கவே முடியாது, கேமராவுக்கு ஒண்ணும் தெரியாது. ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் கலோரி கம்மியான திரவ சாப்பாட்டுல போடறது கல்லீரலை சுருக்கத்தான், அதுல டீக்கு பிஸ்கட்னு ஏமாத்துனா நஷ்டம் நமக்குத்தான்.

சரி, தமிழ்ல? உதரநோக்கின்னு ஒரு சொல் இருக்கு, உதரம்னா வயிறு, அர்த்தம் சுத்தம், ஆனா ஒருத்தரும் பேசறதில்ல. அகநோக்கின்னு போட்டா வாய் வழியா விடற எண்டாஸ்கோப்பியோட குழம்பிடும், எடை குறைக்க இரைப்பைக்குள்ள பலூன் வைக்கிற வேலை அந்த வழியில நடக்கறதால இங்க அந்தக் குழப்பம் கூடவே கூடாது. சாவித்துவார அறுவை சிகிச்சைன்னு படிச்சா எனக்கு சிரிப்புதான் வருது, அது கீஹோல்ங்கிற ஆங்கிலத்தை அப்படியே தூக்கிப் போட்டது. பேப்பர்ல வர்ற நுண்துளை அறுவை சிகிச்சை பரவாயில்ல, ஆனா ஸ்லீவ்ல வெட்டுன இரைப்பைத் துண்டு முழுசும் அந்த ஓட்டைங்கள்ல ஒண்ணு வழியாத்தான் வெளிய வருது, அதைப் போய் நுண்துளைன்னா எப்படி? கருவிக்கு வயிற்றறை நோக்கி, ஆபரேஷனுக்கு துளைவழி அறுவை சிகிச்சை, ஓப்பனுக்கு திறந்தமுறை அறுவை சிகிச்சை, இதுதான் என் தேர்வு. பேரியாட்ரிக்குக்கு உடற்பருமன் அறுவை சிகிச்சை. எடை குறைப்புன்னு சொன்னா கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற அழகு சிகிச்சைன்னு நினைச்சுக்கறாங்க, அது முழுக்க வேற.

கடைசியா கன்வெர்ஷன்னு ஒரு சொல், முறை மாற்றம்னு சொல்லலாம். துளையில ஆரம்பிச்சு, ரத்தம் நிக்கலன்னாலோ உள்ள ஒட்டு அதிகமா இருந்தாலோ பாதியில திறந்துடறது. அதை தோல்வின்னு எடுத்துக்காதீங்க, உயிரைக் காக்க எடுக்கிற முடிவு அது. கையெழுத்து வாங்கற ஃபார்ம்ல அந்த வரி இருக்கும், யாரும் படிக்கறதில்ல. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி சர்ஜன்கிட்ட, டாக்டர், உங்க கையில எத்தனை பேருக்கு பாதியில திறக்க வேண்டி வந்துச்சு, எதனால வந்துச்சுன்னு கேளுங்க.